ஒரே பாட்டுக்கு நான்கு பிரதிகள்

1. முதல் நாள்

எனக்குப் பாட்டு வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரைக்காலில் ஒரு கல்லூரி நூலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் நான். இசைப் புத்தகங்கள் 780-ஆம் எண் அடுக்கில் இருக்கும். சங்கீதத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது அந்த எண் ஒன்றுதான். வீட்டில் நான் ஏதாவது முணுமுணுத்தால்கூட என் மனைவி சந்திரா, "பால் திரிஞ்சிடப் போவுது, நிறுத்துங்க" என்பாள்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில வருடங்கள் ஆராய்ச்சி மாணவர்களுக்கு ரெஃபரன்ஸ் மேனேஜர் சொல்லிக்கொடுப்பதுதான் என் முக்கிய வேலை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: நீங்கள் படித்த புத்தகம், கட்டுரை, அதன் பிடிஎஃப் எல்லாவற்றையும் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு என்று பதிந்து வைத்துக்கொண்டு, கேட்ட நொடியில் எடுத்துக் கொடுக்கும் மென்பொருள் அது. ஆய்வேட்டின் கடைசியில் வரும் நூற்பட்டியலைத் தானே தயாரித்தும் தரும். பிள்ளைகள் அதைப் பார்த்து வாய் பிளப்பார்கள். நானே செய்த வித்தை போல நானும் கொஞ்சம் மிதப்பாக நிற்பேன்.

அப்படிக் கற்றுக்கொண்டவர்களில் ஒருத்தி ஆக்னஸ். இப்போது பள்ளிக்கூட டீச்சர். கடற்கரைப் பக்கம் உள்ள ஒரு சின்ன மாதா கோயிலில் பாடகர் குழுவையும் நடத்துகிறாள். நான் ஓய்வு பெற்ற இரண்டாம் மாதம் போன் செய்தாள்.

"சார், வீட்ல சும்மாதான இருக்கீங்க?"

"சும்மா இருக்கறது அவ்வளவு லேசுன்னு நெனச்சியா? சொல்லும்மா, என்ன வேணும்?"

"எங்க பாட்டுத் தாளெல்லாம் ஸ்கேன் பண்ணி வச்சிருக்கேன் சார். ஒண்ணையும் தேடி எடுக்க முடியல. உங்க ரெஃபரன்ஸ் மேனேஜர்ல போட்டா என்ன?"

"அது புஸ்தகத்துக்கும் கட்டுரைக்கும்மா."

"பாட்டுக்கும் தலைப்பு இருக்கு, எழுதுனவங்க இருக்காங்க. அப்புறம் என்ன சார்?"

மறுநாள் மத்தியானம், என் வீடு இருக்கும் கோட்டுச்சேரியிலிருந்து பஸ் ஏறிப் போனேன்.

கோயிலுக்குப் பின்னால் ஒரு மாடி அறை. ஒரு கீபோர்டு, பத்துப் பன்னிரண்டு நாற்காலி, காலியாகிப்போன ஒரு மர பீரோ. போன மழையில் தண்ணீர் ஒழுகி, பீரோவில் இருந்த தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பூஞ்சை பிடித்துவிட்டன. ஆக்னஸ் ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் காயவைத்து, போனிலேயே ஸ்கேன் செய்து முடித்திருந்தாள். தொட்டால் உதிர்ந்த அந்தத் தாள்கள் எல்லாவற்றையும் பிறகு ஃபாதர் எரிக்கச் சொல்லிவிட்டார். போனில் இடம் இல்லாததால் படங்களை லேப்டாப்புக்கு மாற்றிவிட்டுப் போனிலிருந்து நீக்கிவிட்டாள். ஆக, லேப்டாப்பில் இருந்ததுதான் முழுச் சொத்து. பெயரெல்லாம் ஸ்கேன் 1, ஸ்கேன் 2 என்றே இருந்தன. தமிழ்ப் பாட்டு, லத்தீன் பாட்டு, பிரெஞ்சுப் பாட்டு எல்லாம் ஒரே குவியல்.

"இதுல எது சார் மொதல்ல?" என்று அவளே கேட்டு, அவளே பதிலும் சொன்னாள். "ஜெசிந்தாக்கா பாட்டு. அத மட்டும் பத்திரமா வச்சிடுங்க. மத்ததெல்லாம் மெதுவா செய்யலாம்."

ஜெசிந்தா திருமலைராயன்பட்டினத்தில் இருக்கும் பெண்மணி. வயது ஐம்பத்தெட்டு. குழுவில் ஆல்ட்டோ, அதாவது பெண்களில் தணிந்த குரல். எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. யார் என்ன சொன்னாலும் புரிகிறது. பதிலுக்கு ஒரு சொல் வருவதில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கவும் முடியவில்லை.

"ஆனா பாட்டு வருது சார்" என்றாள் ஆக்னஸ். "பேச்சுக்கு ஒரு வழி, பாட்டுக்கு ஒரு வழின்னு டாக்டர் சொன்னாரு. 'அலை அடங்கும் வேளையிலே'ன்னு ஒரு மாதா பாட்டு. அந்தத் தாள முன்னால வச்சா, ஒரு வரி, ரெண்டு வரி வார்த்தையோட வருது. தாள் இல்லன்னா வராது. செவ்வாயும் வெள்ளியும் டேப்லெட்ட எடுத்துட்டுப் போயிப் பாட வைக்கிறேன்."

ஜெசிந்தாவின் ஒரே மகள் ஃபுளோரா பிரான்சில் இருக்கிறாள். வாராவாரம் வீடியோவில் அழைக்கிறாள். அம்மா திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பதோடு சரி. இந்த வருடக் கோயில் திருவிழாக் கொடியேற்றத்துக்கு மகள் வரப்போகிறாள், பத்தே நாள் லீவில். அதற்குள் ஒரு முழுப் பாட்டு வந்துவிட்டால் மகள் அம்மாவின் குரலைக் கேட்டுவிட்டுப் போகலாம். இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது.

"கவலப்படாத. என் கையில வந்த தாள் எதுவும் தொலஞ்சதில்ல" என்றேன். சொன்ன வாயை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

2. அண்ணன் கல்யாணத்தில் பாடியது

அந்த மாடி அறையில் நான் கழித்த மத்தியானங்களை என்னவென்று சொல்வது! சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குப் போய் உட்காருவேன். ஜன்னல் வழியாக உப்புக்காற்று வரும். ஃபேன் ஒரு பக்கம் சாய்ந்து சுற்றும். ஒவ்வொரு பிடிஎஃப்பாகத் திறந்து தலைப்பைப் பதிவேன். பதிந்த கோப்பை மென்பொருளுக்குள்ளேயே நகர்த்திவிடுவேன்; ஆக்னஸின் டேப்லெட்டையும் அதோடு இணைத்திருந்தேன். ஐந்து கோட்டின் மேல் புளியங்கொட்டையை இறைத்த மாதிரி சுரங்கள் கிடக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் அவை மெல்ல மேலே ஏறும், கீழே இறங்கும். கண் சொக்கும்.

ஒத்திகையில் பதிவு செய்த ஒலிக்கோப்புகளையும் ஆக்னஸ் கொடுத்திருந்தாள். ஒவ்வொரு பாட்டின் பதிவோடும் அதன் ஒலியை அட்டாச்மென்ட்டாகச் சேர்த்தேன். சேர்க்கும்போது கேட்க வேண்டும் அல்லவா? கேட்டேன். அர்த்தம் தெரியாத லத்தீனை நான்கு குரல்கள் இழுத்துக்கொண்டு போகும். அந்தப் பக்கம் கடல் இரைகிறதா, இந்தப் பக்கம் இவர்கள் இழுக்கிறார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒருநாள் கண்ணை விழித்தபோது மணி நாலே முக்கால். அரைத் தூக்கத்தில் ஏழு பதிவு போட்டிருக்கிறேன், ஏழும் சரியாக இருந்தன. இப்படி ஒரு வேலையை எனக்குச் சம்பள நாட்களில் யாரும் கொடுக்கவில்லையே என்று மனம் ஏங்கியது.

ஆனால் ஒரு சிக்கல் வந்தது. நான் தலைப்பு வாரியாக, ஆசிரியர் வாரியாக அடுக்கி வைத்தேன். அந்த ஊர் ஜனங்கள் யாரும் தலைப்பைச் சொல்லிப் பாட்டுக் கேட்பதில்லை. முதலில் வந்த அம்மா, "எங்க அண்ணன் கல்யாணத்துல பாடுனீங்கல்ல, அது வேணும்" என்றார்.

"தலைப்பு என்னங்க?"

"தலைப்பா? பாடும்போது எங்க அண்ணி அழுதிச்சு. அந்தப் பாட்டுதான்."

அடுத்து பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் ஒரு பெரியவர். இஸ்திரி போட்ட சட்டை, கையில் குடை. "என் சம்சாரம் அடக்கத்துக்குப் பாடுனது. வருசப் பூசைக்கும் அதே வேணும். வேற பாடுனா அவளுக்குப் புடிக்காது" என்றார். ஆக்னஸ் யோசித்து எடுத்துக் கொடுத்ததும் எனக்கும் சேர்த்து "மெர்சி" என்று பிரெஞ்சில் ஒரு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

கல்லூரியில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் நூலக விதிகளைப் படித்துக் காட்டியிருப்பேன். இங்கே விதி செல்லுபடியாகவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு ஒவ்வொரு பாட்டுக்கும் டேக், அதாவது அடையாளச் சொல், போட ஆரம்பித்தேன். யார் கல்யாணம், யார் அடக்கம், யார் வீட்டுப் பிள்ளைக்குப் புதுநன்மைச் சடங்கு, யார் அழுதது. மென்பொருளில் 'அண்ணி அழுதது' என்று ஒரு டேக் போட்டவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தேடினால் டக்கென்று வந்தது. ஆக்னஸ் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பாட்டை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துத்தான் இவர்கள் தேடுகிறார்கள் என்பது அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் அந்தத் தப்பைச் செய்தேன் பாருங்கள், அதுதான் மன்னிக்க முடியாதது.

3. துப்புரவு

ரெஃபரன்ஸ் மேனேஜரில் ஒரு வசதி உண்டு. ஒரே நூல் இரண்டு முறை பதிவாகிவிட்டால் 'டூப்ளிகேட்' என்று தனியாகக் காட்டும். அவற்றைத் தேர்ந்தெடுத்து 'மெர்ஜ்' கொடுத்தால் ஒன்றாகிவிடும். பட்டியல் சுருங்கும்போது நூலகனுக்குக் கிடைக்கிற சுகம் இருக்கிறதே, அது ஒட்டடை அடித்த வீட்டைப் பார்க்கிற சுகம்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அந்த டூப்ளிகேட் பட்டியலைத் திறந்தேன். ஏகப்பட்டது இருந்தது. 'அலை அடங்கும் வேளையிலே', ஆல்ட்டோ, இரண்டு பக்கம். அதுவே நான்கு முறை! பெண்களின் உச்சக் குரலான சோப்ரானோ ஐந்து, ஆண்களின் டெனர் மூன்று. நான்கு ஆல்ட்டோ பிரதிகளையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அச்சு ஒன்றே. மூன்று பிரதிகளில் பென்சில் கிறுக்கல். ஒன்றில் வட்டம், அம்புக்குறி, ஆச்சரியக்குறி. ஒன்றில் சொற்களுக்கு நடுவே சின்னச் சின்ன மீன் படம் வேறு. நான்காவது மட்டும் துடைத்து வைத்தது போல் இருந்தது.

நூலகனுக்குப் பென்சில் கிறுக்கல் என்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புத்தகத்தில் கோடு போட்ட பிள்ளைகளை உட்காரவைத்து ரப்பர் கொடுத்து அழிக்கச் சொன்னவன் நான். மீனைப் பார்த்ததும், பூசை நேரத்தில் யாரோ ஒரு பிள்ளை விளையாடியிருக்கிறது என்று நினைத்தேன். பாவம் அந்த அம்மா, கை விழுந்து எழுத்தும் தெரியாமல் இருக்கிறார், அவருக்குச் சுத்தமான பிரதியாக இருக்கட்டுமே என்றும் நினைத்தேன். சத்தியமாக நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

நான்கையும் மெர்ஜ் செய்தேன். சுத்தமான பிடிஎஃப்பை வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் நீக்கினேன். மற்ற குரல்களுக்கும் அப்படியே. பிறகு டிராஷைக் காலி செய்தேன். 'திரும்பப் பெற முடியாது, சம்மதமா?' என்று கேட்டது. சம்மதம் என்றேன். காற்று ஜிலுஜிலுவென்று அடித்தது. ஒலிக்கோப்பில் யாரோ தாழ்ந்த குரலில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அன்று வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் உட்கார்ந்து நானே முணுமுணுத்தேன், பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

4. செவ்வாய்க்கிழமை

மறுநாள் சாயங்காலம் ஆக்னஸ் போன் செய்தாள். ஜெசிந்தா வீட்டிலிருந்து பேசினாள்.

"சார், அக்கா பாட்டுக் காப்பி எங்க? தொறந்தா வேற யாருதோ வருது."

"அதேதாம்மா. அதுலயே சுத்தமா இருக்கறத வச்சிருக்கேன்."

அவள் டேப்லெட்டில் தட்டித் தேடும் சத்தம் கேட்டது.

"சார்… மீன் போட்டது?"

"அது… கிறுக்கலா இருந்திச்சேம்மா."

"அது அக்கா மூச்சு சார்! எங்க மூச்சு எடுக்கணுமோ அங்க மீன் போட்டு வச்சிருப்பாங்க. எழுத்து தெரியலன்னாலும் அந்த மீனப் பாத்துப் பாத்துத்தான் பாடுறாங்க. அவங்க கையால போட்டது சார் அது. எந்த எடம்னு எனக்கு அடையாளம் தெரியாது. நான் பிரிண்ட் எடுக்கணும் எடுக்கணும்னு இருந்தேன்…"

"நெட்ட ஆஃப் பண்ணு! டேப்லெட்ல பழைய காப்பி இருக்கும். நெட் போட்டா அதுவும் அழிஞ்சிடும்!" என்று கத்தினேன்.

"நெட் போட்டுத்தான் சார் தொறந்தேன்."

லேப்டாப்பில் அழித்தது இணையத்தில் அழிந்து, இணையத்தில் அழிந்தது டேப்லெட்டிலும் அழிந்திருந்தது. சிங்க் என்பது அதுதான். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும் என்று நானே எத்தனை வகுப்பில் பெருமையாகச் சொல்லியிருப்பேன்! சந்திரா காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"போயி மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க. இங்க உக்காந்து காபி ஆறுறதப் பாத்துட்டு இருந்தா ஆச்சா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை ஆக்னஸோடு போனேன். பஸ் அரசலாற்றுப் பாலத்தைத் தாண்டித் தெற்கே போகப் போக சொல்லப்போவதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஜெசிந்தாவின் கணவர் ஆரோக்கியசாமி மின்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். "வாங்க சார், உக்காருங்க" என்று நாற்காலி போட்டார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜெசிந்தா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நல்ல உயரம், தலை முழுக்க நரை, கூர்மையான கண்கள். நான் கைகூப்பி, "தெரியாம செஞ்சிட்டேங்க. உங்க காப்பிய அழிச்சவன் நான்தான்" என்றேன். ஆக்னஸ் டேப்லெட்டை முன்னால் வைத்தாள். சுத்தமான அந்தப் பக்கத்தில் அவருடைய கண்கள் இங்கும் அங்கும் அலைந்தன. "அலை…" என்று ஒரு சொல் வந்தது. அடுத்தது வரவில்லை. மறுபடி "அலை…" என்றார். பிறகு இடது கையால் டேப்லெட்டின் மூடியை மூடி, என் பக்கமாகத் தள்ளிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆரோக்கியசாமி வாசல்வரை வந்தார். "புள்ள வர்றதுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு சார்" என்றார். நான் அழுதுவிட்டேன். அறுபது வயதில் ரோட்டில் நின்று அழுவது அவமானம்தான், ஆனால் அழுதேன்.

5. யார் எங்கே மூச்சு எடுப்பார்கள்

சனிக்கிழமை மத்தியானம் ஒத்திகை. ஆக்னஸ் நடந்ததைக் குழுவில் சொன்னாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அழித்த பிரதிகளில் தங்களுடையதும் உண்டு என்று ரெஜினாவும் ஸ்டெல்லாவும் சொன்னார்கள். இருவரும் ஆல்ட்டோ; பதினைந்து வருடமாக ஜெசிந்தாவுக்கு இடமும் வலமும் நின்று பாடுகிறவர்கள். துடைத்து வைத்தது போலிருந்த பிரதி, அந்த மழைக்குச் சற்று முன்தான் சேர்ந்த ஒரு பெண்ணுடையது.

ரெஜினாவுக்கு மார்க்கெட்டில் துணிக்கடை. வாய் கொஞ்சம் நீளம். "சார், எங்க கடையில ஒரே டிசைன்ல நாலு சேல வச்சிருந்தா, மூணத் தூக்கி வீசிடுவீங்களா?" என்றாள்.

"தப்புத்தாம்மா."

"சரி, விடுங்க. அக்கா எங்க மூச்சு எடுப்பாங்கன்னு எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"அவங்க எடுக்குற எடத்துல நான் எடுக்கக் கூடாதே!"

எனக்குப் புரியவில்லை. ஆக்னஸ் விளக்கினாள். ஒரு நீண்ட வரியை ஒரே மூச்சில் யாராலும் பாட முடியாது. எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சு எடுத்தால் பாட்டு அறுந்துபோகும். அதனால் பக்கத்தில் பக்கத்தில் நிற்பவர்கள் பேசி வைத்துக்கொள்வார்கள். ஒருத்தி நிறுத்தும்போது மற்றவள் இழுப்பாள். கேட்பவர்களுக்கு வரி அறுபடாமல் போகும். அந்தப் பென்சில் கிறுக்கல் எல்லாம் அதற்கான ஒப்பந்தம்தான். நான்கு பிரதி இருந்தால் நான்கு மூச்சு இருக்கும்.

முப்பத்தொரு வருட அனுபவம் எல்லாம் அந்த நிமிடம் தூசியாகத் தெரிந்தது.

"பாடுங்கம்மா. நான் குறிச்சிக்கிறேன்" என்றேன்.

ரெஜினாவும் ஸ்டெல்லாவும் எழுந்து நின்றார்கள். நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம் விட்டு நின்றார்கள். யாரும் சொல்லவில்லை, பழக்கம். "அலை அடங்கும் வேளையிலே, அருகில் இரும் தாயே" என்று முதல் வரி. சன்னமாக, அவசரமே இல்லாமல் பாடினார்கள். பாதியில் ரெஜினா கையைத் தூக்கினாள். "நிறுத்துங்க. 'அடங்கும்' முடிஞ்சதும் அக்கா எடுப்பாங்க. அங்க நான் தம் கட்டுவேன், இங்க வலிக்கும்" என்று விலாவைத் தொட்டுக் காட்டினாள். நான் டேப்லெட்டில், அதன் பேனாவால், அந்த இடத்தில் ஒரு மீன் போட்டேன்.

இப்படி இரண்டு மணி நேரம். வெயில் சுவரில் ஏறி, கீபோர்டின் மேல் இறங்கி, மெல்ல அறையை விட்டுப் போனது. பாடுவார்கள், நிறுத்துவார்கள், தங்கள் நெஞ்சையும் விலாவையும் தொட்டுப் பார்ப்பார்கள், ஒரு மீன் போடுவேன். இங்கே இல்லாத ஒரு அம்மாவின் மூச்சை இரண்டு பெண்கள் தங்கள் உடம்பிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கனவா நனவா என்று ஆகிவிட்டது. இரண்டு இடத்தில் மட்டும் அவர்களுக்குள் சண்டை வந்தது. "அங்க எடுக்க மாட்டாங்கடி!" "எடுப்பாங்க, எனக்குக் காது இல்லயா?" இரண்டு இடத்திலும் கேள்விக்குறியோடு ஒரு மீன் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை அதை எடுத்துக்கொண்டு நாங்கள் நான்கு பேரும் பட்டினம் போனோம். ஜெசிந்தா டேப்லெட்டைப் பார்த்தார். என் மீன்களைப் பார்த்தார். ரெஜினா சும்மா இருப்பாளா? "அக்கா, சார் போட்ட மீனப் பாருங்க. சின்ன வெங்காயத்துக்கு வாலு வச்ச மாதிரி!" என்றாள். ஜெசிந்தாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்கு ஒரு நொடி ஆனது. அப்பாடா என்று இருந்தது.

இரண்டு பேரும் அவருடைய நாற்காலிக்கு இரண்டு பக்கமும் நின்று ஆரம்பித்தார்கள். முதல் வரி வந்தது. இரண்டாவது பாதியில் நின்றது. மறுபடி ஆரம்பித்தார்கள். அவர் நிற்கும்போதெல்லாம் இவர்கள் இழுத்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அவர் அடுத்த சொல்லுக்கு வந்தார். அதற்கப்புறம் ஆக்னஸோடு தினமும் யாராவது ஒருத்தி போனாள். ரெஜினா கடையை இரண்டு மணி நேரம் பூட்டிவிட்டுப் போனாள். நானும் போனேன். எனக்கு அங்கே வேலை இல்லை. பக்கம் திருப்புவேன், அவ்வளவுதான்.

6. கொடியேற்றத்தன்று

ஃபுளோரா கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் முன்னால் வந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டு, "அம்மா, ஏதாவது ஒண்ணு சொல்லேன்மா" என்று கெஞ்சினாளாம். ஜெசிந்தாவால் அவள் முகத்தைத் தடவத்தான் முடிந்தது. பாட்டு விஷயத்தை வீட்டில் யாரும் அவளிடம் மூச்சு விடவில்லை. அதுவரை எங்களுக்கு ஒருமுறைகூடப் பாட்டு முழுதாக வந்திருக்கவில்லை.

சாயங்காலப் பூசை. கோயில் நிறைந்து வாசலில் ஷாமியானா வரை கூட்டம். நான் பாடகர் குழுவுக்குப் பின்னால், டேப்லெட்டில் பக்கம் திருப்புவதற்காக நின்றேன். ஜெசிந்தா நாற்காலியில், இரு பக்கமும் ரெஜினாவும் ஸ்டெல்லாவும். ஃபுளோரா முன் வரிசையில் அப்பாவோடு இருந்தாள். அம்மாவை மரியாதைக்காகக் குழுவோடு உட்கார வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பாள்.

எல்லாரும் நன்மை அப்பம் வாங்கி முடிந்ததும் கீபோர்டு ஆரம்பித்தது. "அலை அடங்கும்…" ஜெசிந்தாவின் குரல் தனியாகக் கேட்டது. கனமான, கொஞ்சம் கரகரத்த குரல். ஃபுளோரா வெடுக்கென்று திரும்பினாள்.

நான் போட்ட முதல் மீன் அங்கே இருந்தது. அங்கே அவர் மூச்சு எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. அவர் திரையைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டு, நிறுத்தாமல், "வேளையிலே அருகில் இரும்" வரைக்கும் ஒரே மூச்சில் பாடிவிட்டார். அந்த இடத்தில் அவருக்கு மூச்சு தீர்ந்தது. 'தாயே'யை ரெஜினாவும் ஸ்டெல்லாவும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கக்கூட இல்லை. அவர் மாற்றியதும் அவர்களும் மாறிக்கொண்டார்கள். வரி அறுபடவே இல்லை.

முதல் இரண்டு சரணமும் வந்தன. மூன்றாவதில் ஒரு வரி தடுமாறியது, போகட்டும். ஃபுளோரா முட்டி போட்ட நிலையிலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஆரோக்கியசாமி மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நூலகத் துறைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். இரண்டு பிரதி ஒன்றுபோல இருந்தால், அழிக்கும் முன் அவை யாருடைய கையில் இருந்தவை என்று கேளுங்கள். கேட்காமல் செய்கிற துப்புரவுக்கு அழிப்பு என்று பெயர். மெர்ஜ் என்ற பொத்தானை நான் அதன் பிறகு தொட்டதில்லை.

பூசை முடிந்து வாசலில் கூட்டம் கலைந்தபோது, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜெசிந்தா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். டேப்லெட்டைக் காட்டினார். திறந்து கொடுத்தேன். இடது கையால் பேனாவை வாங்கி, 'அடங்கும்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருந்த என் மீனின் மேல் ஒரு கோடு போட்டு அடித்தார். பிறகு, மெதுவாக, 'இரும்' என்ற சொல்லுக்குப் பின்னால் தானே ஒன்று வரைந்தார். துடுப்பும் வாலும் சரியாக இருந்தன.

"சேவ் பண்ணிட்டேங்க" என்று சொல்லி வாங்கப் போனேன். அவர் டேப்லெட்டை விடவில்லை. என்னையே பார்த்தார். எனக்குப் புரிந்தது. அந்தக் கோப்பை அவர் கண் முன்னாலேயே மூடி, மறுபடி திறந்து, மீன் அங்கேயே இருப்பதைக் காட்டினேன். அதற்கப்புறம்தான் கையை எடுத்தார். சேமித்ததை உரியவருக்குத் திறந்து காட்டிவிட்டு எழுந்திருக்கும் பழக்கம் எனக்கு அன்றுதான் வந்தது.